பத்து ராகங்களும் ஒரு டிஸ்கோ தாளமும்: கவனிப்பாரின்றிப் போன நடன இசைத்தட்டுகளை டிஜே எப்படிப் பயன்படுத்துவது?

"ஆசிட் ஹவுஸ் பிறந்தது சிகாகோவில் இல்லை, மும்பையில்" என்ற வரி சில மாதங்களுக்கு ஒருமுறை சமூக ஊடகங்களில் வலம்வரும். (ஆசிட் ஹவுஸ் என்பது ஒருவகை மின்னணு நடன இசை.) கூடவே சரண்ஜித் சிங்கின் 'சின்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற 1982ஆம் ஆண்டு இசைத்தட்டின் படம் இருக்கும். கேட்டவர்கள் வியப்பார்கள், பெருமைப்படுவார்கள், பகிர்வார்கள். அத்தோடு சரி. அந்தத் தட்டை இரவு 12 மணிக்கு ஆடுகளத்தில் போட்டால் என்ன ஆகும், எந்தப் பாட்டோடு அது சேரும், எதோடு சேராது என்பதைப் பற்றிப் பேச்சே இருக்காது.

'யார் முதல்?' என்ற கேள்வியை விட இந்த இரண்டாவது கேள்விதான் டிஜேவுக்குப் பயன்படும். ஒரு வெளியீடு ஏன் கவனிக்கப்படாமல் போனது என்ற காரணத்தைப் பிடித்துவிட்டால், அதை வாசிக்கும்போது எங்கே சிக்கல் வரும் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

## முதலில் அந்த 'மும்பை' விவகாரம்

ஆசிட் ஹவுஸின் அடையாளமே ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற சிறிய பேஸ் சின்தசைசர் எழுப்பும் நெளியும் ஒலி. 1981 இறுதியில் வந்த இந்தக் கருவி, தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞருக்குப் பேஸ் துணை கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. உண்மையான பேஸ் கிட்டார் போல அது ஒலிக்கவில்லை. சுமார் 10,000 கருவிகளோடு 1984இல் தயாரிப்பு நின்றது. பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்த அதை வாங்கி, ஃபில்டர் குமிழ்களை ஓடும்போதே திருகிப் பார்த்த சிகாகோ இளைஞர்கள் ஃபியூச்சர் என்ற பெயரில் 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டார்கள். அந்த வகைக்குப் பெயரும் அதிலிருந்தே வந்தது.

சரண்ஜித் சிங் ஹிந்தித் திரையிசையில் வாசித்த ஸ்டூடியோக் கலைஞர். அவரிடம் அதே டிபி-303, டிஆர்-808 டிரம் மெஷின், ஜூபிடர்-8 சின்தசைசர் மூன்றும் இருந்தன. 303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் 'ஸ்லைடு' வசதி உண்டு. ராகத்தின் ஜாருவுக்கு அது தோதாக அமைந்தது. ஆக, ஐந்து ஆண்டு முன்பே அதே கருவியிலிருந்து அதே நெளிவு பிறந்துவிட்டது. ஆனால் சிகாகோக்காரர்கள் இந்தத் தட்டைக் கேட்டதற்குத் தடயம் ஏதும் இல்லை. இந்தியாவில் வெளிவந்து, விற்காமல், மறக்கப்பட்ட தட்டு இது. எடோ பவுமன் என்ற நெதர்லாந்துச் சேகரிப்பாளர் டெல்லியில் ஒரு பிரதியைக் கண்டெடுத்து, 2010இல் தன் 'பாம்பே கனெக்ஷன்' லேபிளில் மறுவெளியீடு செய்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2015இல் மறைந்த சிங், கடைசி ஆண்டுகளில் ஐரோப்பிய மேடைகளில் இதை வாசித்தார்.

ஒரே கருவி இரண்டு ஊர்களில் ஒரே மாதிரி ஒலித்தது. வம்சாவளி என்று சொல்ல வேறு ஆதாரம் வேண்டும்.

## சில அடிப்படைச் சொற்கள்

பன்னிரண்டு அங்குல சிங்கிள்: ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு இருக்கும் பெரிய தட்டு. இந்த வடிவில் கடைகளில் முதலில் விற்பனைக்கு வந்தது டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பெர்சென்ட்' (1976, சால்சோல்). பாட்டு ஒன்றே என்பதால் பள்ளங்களை அகலமாக வெட்டலாம். அகலமான பள்ளத்தில் பேஸ் கனமாகவும் ஒலி உரக்கவும் பதியும்.

எல்பி: அதே அளவுத் தட்டு, ஆனால் ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் இசை. பள்ளங்கள் நெருங்கிவிடும். எனவே ஒலியளவையும் பேஸையும் குறைத்துத்தான் வெட்ட முடியும்.

இன்ட்ரோ, அவுட்ரோ: தாளம் மட்டும் ஓடும் தொடக்கமும் முடிவும். இரண்டு பாட்டுகளை மேலே மேலே போட்டு இணைக்க டிஜேக்கு இந்த இடம் வேண்டும்.

பார்: நான்கு பீட் கொண்ட ஒரு சுற்று. 125 பிபிஎம்மில் (அதாவது நிமிடத்துக்கு 125 பீட்) 16 பார் என்பது 30.72 வினாடி.

பீட்கிரிட்: மென்பொருள் பாட்டின் மேல் வரையும் தாளக் கட்டம். சிங்க் (இரு பாட்டின் தாளத்தைத் தானாகச் சேர்ப்பது), லூப் (ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது) எல்லாம் இதை நம்பியே இயங்குகின்றன.

டப், இன்ஸ்ட்ருமென்டல்: குரலைக் குறைத்தோ முற்றிலும் நீக்கியோ செய்த மாற்றுப் பதிப்பு. வழக்கமாகப் பி பக்கத்தில் இருக்கும்.

## கவனிக்கப்படாமல் போவதற்கான காரணங்கள்

இசை சரியில்லை என்பது காரணப் பட்டியலில் பெரும்பாலும் கீழேதான் வரும்.

1. வடிவம் ஆடுகளத்துக்குப் பொருந்தாதது. எல்பியில் வந்த, இன்ட்ரோ இல்லாத, நான்கு நிமிடத்தில் முடிகிற பாட்டை அன்றைய டிஜே தூக்கி வைத்துவிடுவார்.

2. தவறான அலமாரி. டிஸ்கோ தாளத்தில் ராகம் வாசித்த தட்டைச் சாஸ்திரிய இசை வாங்குபவரும் எடுக்கமாட்டார், சினிமாப் பாட்டு வாங்குபவரும் எடுக்கமாட்டார்.

3. குறைந்த பிரதிகள். 500 தட்டு அச்சிட்ட லேபிளின் விநியோகஸ்தர் கடையை மூடிவிட்டால் அந்த 500ம் கிடங்கிலேயே முடங்கும். இன்னும் குறைவான எண்ணிக்கைக்குக் கீழே உதாரணம் வரும்.

4. முதலில் வந்த பதிப்பு தவறானது. ராபின் எஸ் பாடிய 'ஷோ மீ லவ்' 1990இல் வந்தபோது எடுபடவில்லை. ஸ்வீடனின் ஸ்டோன்பிரிட்ஜ் 1992இல் கோர்க் எம்1 சின்தசைசரின் ஆர்கன் ஒலியை வைத்து மறுகலவை (ரீமிக்ஸ்) செய்த பிறகே அது உலகெங்கும் ஓடியது. எவ்ரிதிங் பட் த கேர்ள் குழுவின் 'மிஸ்ஸிங்' கதையும் இதுவே: 1994இல் சாதாரணம், 1995இல் டாட் டெர்ரியின் மறுகலவையோடு பெருவெற்றி.

5. பி பக்கம். மோபியின் 'கோ' 1990இல் 'மொபிலிட்டி' என்ற சிங்கிளின் பின்பக்கத்தில்தான் முதலில் இருந்தது. இன்று அதன் முன்பக்கத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

6. டிஜிட்டல் அழிவு. இணையத்தில் ஏற்றியது என்றும் இருக்கும் என்பது மூடநம்பிக்கை. மைஸ்பேஸ் தளம், 2016க்கு முன் பயனர்கள் ஏற்றிய இசைக் கோப்புகளைச் சர்வர் மாற்றத்தில் இழந்துவிட்டதாக 2019இல் ஒப்புக்கொண்டது. ஐந்து கோடிக்கு மேற்பட்ட பாட்டுகள் என்பது கணக்கு.

இந்த ஆறில் முதல் காரணம்தான் டிஜேவின் கையில் இருப்பது. பிரதியின் எண்ணிக்கையை இன்று யாரும் கூட்ட முடியாது. ஆனால் இன்ட்ரோ இல்லாத பாட்டுக்கு இன்ட்ரோ செய்துவிடலாம்.

## பத்து ராகங்களை மிக்ஸ் செய்வது

சிங்கின் தட்டில் பக்கத்துக்கு ஐந்து ராகம்: பைரவி, லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, திருப்பினால் மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி. எல்லாமே இந்துஸ்தானிப் பெயர்கள். வேகம் ஹவுஸ் இசைக்கு அருகில் என்பதால் தாளத்தில் பெரிய தொந்தரவு இல்லை. சிக்கல் சுருதியில்.

இன்றைய டிஜே மென்பொருள் ஒவ்வொரு பாட்டையும் 24 பெட்டிகளில் ஒன்றில் போடும்: 12 மேஜர், 12 மைனர். ராகம் அந்தப் பெட்டிகளுக்காகப் பிறந்ததில்லை. அதனால் திரையில் காட்டும் கீயை (பாட்டு எந்த மேஜர் அல்லது மைனர் ஸ்கேலில் இருக்கிறது என்ற குறிப்பை) இந்தத் தட்டுக்கு நம்பக்கூடாது. பதிலாக, முதலில் காதால் ஸட்ஜத்தைப் பிடிக்க வேண்டும். மெட்டு எங்கே போய் ஓய்கிறதோ அதுவே ஸ. பிறகு ராகத்தின் சுரங்களை மேற்கத்திய ஸ்கேலோடு ஒப்பிட்டால் எதோடு சேரும் என்பது தெரிந்துவிடும். வசதிக்காக ஸ = சி என்று வைத்துக்கொள்வோம்.

முதல் அடுக்கு: தாராளமாகச் சேர்பவை. பூபாலி (நம் மோகனம்), மால்கௌன்ஸ் (ஹிந்தோளம்), மேக் மல்ஹார் (மத்யமாவதிக்கு நெருக்கம்). மூன்றும் ஐந்து சுர ராகங்கள். கிரக பேதம் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: மோகனத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாக்கினால் மத்யமாவதி, காந்தாரத்தை ஸட்ஜமாக்கினால் ஹிந்தோளம். அதாவது மூன்றும் ஒரே மேஜர் பென்டடோனிக் அமைப்பின் முகங்கள். அந்த அமைப்பு எப்போதும் மூன்று மேஜர் ஸ்கேல்களுக்குள் அடங்கும்.

- பூபாலி: சி, எஃப், ஜி மேஜர், அவற்றின் இணை மைனர்களான ஏ, டி, ஈ மைனர்.
- மால்கௌன்ஸ்: ஏ ஃபிளாட், டி ஃபிளாட், ஈ ஃபிளாட் மேஜர்; அல்லது எஃப், பி ஃபிளாட், சி மைனர்.
- மேக் மல்ஹார்: பி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப் மேஜர், அல்லது ஜி, சி, டி மைனர். மேகில் இரண்டு நிஷாதமும் எட்டிப்பார்ப்பதுண்டு, அந்த இடத்தை ஹெட்போனில் கேட்டுவிட்டுத் தாண்டுங்கள்.

கிளப் இசையின் பெரும்பகுதி மைனரில் இருப்பதால், முதல் தடவை முயல்பவருக்கு மால்கௌன்ஸ்தான் ஏற்றது. சி மைனர் டெக்னோவின் மேல் போட்டால் ஒரு சுரம்கூட முட்டாது.

இரண்டாம் அடுக்கு: ஒரே ஒரு ஸ்கேலில் சேர்பவை. பைரவி, பைராகி (நம் ரேவதி) இரண்டும் ஏ ஃபிளாட் மேஜர் அல்லது எஃப் மைனருக்குள் அடங்கும். டிஜேக்கள் கீக்களுக்கு எண் கொடுத்து வைத்திருக்கும் கேமலாட் சக்கரத்தில் 4பி, 4ஏ. கலாவதி (வலஜி) எஃப் மேஜர் அல்லது டி மைனர், அதாவது 7பி, 7ஏ. யமன் (கல்யாணி) ஜி மேஜர் அல்லது ஈ மைனர், 9பி, 9ஏ. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சுரங்கள் முட்டாவிட்டாலும் வீடு வேறு. எஃப் மைனர் பாட்டு எஃப்பில் ஓயும். பைரவி சியில் ஓயும். இரண்டு பேஸ் லைனும் ஒன்றாக ஒலித்தால் ஆடுபவர் காலுக்குக் கீழே தரை நகர்வது போலிருக்கும். மேல் சுரங்களை மட்டும் கலந்து, ஒரு பாட்டின் பேஸை முழுக்க வெட்டுவதே வழி.

மூன்றாம் அடுக்கு: எதிலும் சேராதவை. லலித், தோடி, மதுவந்தி. லலித்தில் இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து வரும், பஞ்சமம் கிடையாது. இந்துஸ்தானித் தோடி நம் சுபபந்துவராளியின் சுரங்களைக் கொண்டது. கர்நாடகத் தோடி என்று நினைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகும். மதுவந்தி தர்மவதிக்கு அருகில். இம்மூன்றுக்கும் எந்த மேஜரும் மைனரும் ஒத்துவராது. தாளம் மட்டும் உள்ள பகுதியிலிருந்து தாளம் மட்டும் உள்ள பகுதிக்குத்தான் இணைக்க வேண்டும். அல்லது எக்கோவில் பழைய பாட்டைக் கரைத்துவிட்டு, ஒரு நொடி இடைவெளி விட்டு, ராகத்தைத் தனியாகத் தொடங்கலாம். உண்மையில் ஒரு நீண்ட இரவில் சூழலை முழுக்க மாற்ற வேண்டிய இடத்துக்கு இந்த மூன்றும்தான் முதல் அடுக்கை விட நன்றாக உதவும்.

இன்னொரு கண்ணி வேகத்தில் இருக்கிறது. கீ லாக் (வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் பிடித்துவைக்கும் வசதி) போடாமல் வேகத்தை 6 சதவீதம் கூட்டினால் சுருதி ஏறத்தாழ அரை சுரம் ஏறும். மேலே சொன்ன பட்டியல் முழுக்க அரை சுரம் நகரும்: எஃப் மைனர், எஃப் ஷார்ப் மைனர் ஆகிவிடும். சரி, கீ லாக் போட்டுவிடலாமே என்றால், 303இன் கூர்மையான ஃபில்டர் ஒலி அதில் மெழுகிப்போகும். இந்தத் தட்டுக்கு கீ லாக்கை அணைத்துவிட்டு, 2 சதவீதத்துக்குள் வேகத்தை மாற்றி, மற்ற பாட்டை இதற்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பதே சிறந்த வழி.

## இன்னும் மூன்று தட்டுகள், மூன்று விதச் சிக்கல்கள்

மானுவல் கோட்ஷிங், 'இ2-இ4'. பெர்லினில் 1981 டிசம்பரில் ஒரே அமர்வில் பதிவானது, 1984இல் இன்டீம் லேபிளில் வெளியானது. கிட்டத்தட்ட 59 நிமிடம் ஓடும் ஒரே படைப்பு. இரண்டு கார்டுகள் மாறி மாறி வருகின்றன, மேலே சின்னச் சின்ன அசைவுகள், பிற்பாதியில் கிட்டார். பெயர் சதுரங்கத்தின் முதல் நகர்வு. ஜெர்மனியில் பெரிதாகக் கண்டுகொள்ளப்படவில்லை. நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பில் டிஜே லேரி லெவன் இதை வாசித்தார். 1989இல் இத்தாலியிலிருந்து வந்த 'சுவெனோ லத்தினோ' என்ற நடனப் பாட்டு இதன் மேல் கட்டியதுதான்.

இதில் 'டிராப்' (ஏறிவந்த பாட்டு தாளமும் பேஸுமாக வெடித்து இறங்கும் இடம்) எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். இதைப் பாட்டாக நினைக்காமல் தரைவிரிப்பாக நினைக்க வேண்டும். கிட்டார் வருவதற்கு முந்தைய பாதியில் 16 பார் லூப் பிடித்து, 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, இரண்டு ஹவுஸ் பாட்டுகளுக்கு நடுவில் பாலமாக ஓடவிட்டால் மூன்று நிமிட மாற்றத்தைக்கூட யாரும் உணரமாட்டார்கள். பழைய எல்பியில் இரண்டு பக்கமாக வெட்டுப்பட்டிருக்கும். முழு நீளம் உள்ள சிடி அல்லது டிஜிட்டல் பிரதியே நமக்குத் தேவை.

ரூபா, 'டிஸ்கோ ஜாஸ்' (1982). கனடாவின் கால்கரியில் பதிவான வங்காளி டிஸ்கோ. ரூபா பிஸ்வாஸ் பாட, ஆஷிஷ் கான் சரோத், பிராணேஷ் கான் தபலா. மொத்தம் நான்கே பாட்டு. இந்தியாவில் மெகாஃபோன் வெளியிட்டது, விற்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் 'ஆஜ் ஷனிபார்' இணையத்தில் பரவ, 2019இல் நியூமரோ குரூப் மறுவெளியீடு செய்தது.

இங்கே சிக்கல், மனிதர் வாசித்த டிரம்ஸ். வேகம் கூடும், குறையும். மென்பொருள் சராசரி எடுத்து ஒரே கட்டம் வரைந்தால் இரண்டாவது நிமிடத்தில் தாளம் விலகிவிடும். வளையும் பீட்கிரிட்டை இயக்குங்கள். அல்லது 8 பாருக்கு ஒருமுறை கையால் தாளக் குறி வையுங்கள். ஆனால் எல்லா பீட்டையும் இயந்திரத்துக்கு நேராக இழுத்துவிடாதீர்கள். அந்த அசைவு போய்விட்டால் பாட்டில் பாதி போய்விடும். இணைப்பு நடக்கும் முதல் 16 பாரையும் கடைசி 16 பாரையும் மட்டும் நேராக்கினால் போதும்.

அட்டா காக், 'ஓபா சிமா' (1994). டொரன்டோவில் வாழ்ந்த கானா நாட்டுக் கலைஞர் வீட்டிலேயே செய்த பதிவு. ட்வி மொழியில் வேகமான ராப், கீழே ஹவுஸ் தாளம். கேசட் பிரதிகள் 50 மட்டுமே. 2002இல் கானாவின் கேப் கோஸ்ட் நகரில் பிரையன் ஷிம்கோவிட்ஸ் அதில் ஒன்றை வாங்கி, பிற்பாடு இணையத்தில் பரப்பி, கலைஞரைத் தேடிக் கண்டுபிடித்து, 2015இல் 'ஆசம் டேப்ஸ் ஃப்ரம் ஆஃப்ரிக்கா' லேபிளில் மறுவெளியீடு செய்தார்.

கேசட் வழி வந்த ஒலிக்கு இரண்டு குணம். மேல் அலைவரிசை மங்கியிருக்கும், கூடவே இரைச்சல். ட்ரெபிளை ஏற்றினால் இரைச்சலும் ஏறும். 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியைச் சற்றே தூக்குவது இதற்கு மாற்று. அடுத்தது, டேப் ஓடிய வேகம் துல்லியமாக இருக்காது என்பதால் சுருதி இரண்டு கீக்கு நடுவே எங்காவது நிற்கலாம். பிட்ச் ஃபேடரை நகர்த்தி ஒரு கீயில் உட்காரவைத்த பின்பே மெட்டு மேல் மெட்டு போடுங்கள்.

## வாசிக்கத் தயார் செய்யும் வரிசை

1. மூலம். மறுவெளியீடு இருந்தால் அதைக் காசு கொடுத்து வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாக வாங்குங்கள். காணொளித் தளத்திலிருந்து உருவிய எம்பி3, வீட்டு ஸ்பீக்கரில் தெரியாத பல்லிளிப்பைப் பெரிய ஒலிபெருக்கியில் காட்டிவிடும். தட்டிலிருந்து நீங்களே பதிவதானால்: தட்டைக் கழுவுங்கள், 24 பிட்டில் பதியுங்கள், உச்சம் −6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள், ஃபோனோ ப்ரீஆம்பின் எர்த் வயரை மாட்ட மறக்காதீர்கள். மறந்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கோப்பு முழுக்க இருக்கும்.

2. சுத்தம். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அங்கே இருப்பது டர்ன்டேபிளின் அதிர்வு மட்டுமே. கிளிக் நீக்கும் கருவியை மென்மையான அளவில் வையுங்கள். கூட்டினால் 808இன் ரிம்ஷாட்டையும் கிளிக் என்று எண்ணி விழுங்கிவிடும்.

3. பீட்கிரிட். 808, 303 போன்ற கருவிகளின் வேகம் குமிழைத் திருகி வைப்பது. எனவே பழைய பாட்டின் பிபிஎம் 125.00 என்று முழு எண்ணில் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. 0.1 பிபிஎம் பிசகினால் என்ன என்று தோன்றலாம். 125 பிபிஎம்மில் நான்கு நிமிடத்தில் 500 பீட், 0.1 பிசகு அதற்குள் 0.19 வினாடியாக வளர்ந்துவிடும். ஒரு பீட்டின் நீளமே 0.48 வினாடி. கிரிட்டைத் தொடக்கத்தில் சரிபார்த்து விட்டுவிடாமல், கடைசிப் பாரிலும் கோடு கிக் (பேஸ் டிரம் அடி) மேல் விழுகிறதா என்று பாருங்கள்.

4. எடிட். தாளம் மட்டும் வரும் ஒரு 4 பார் பகுதியைக் கண்டுபிடித்து, அதை எட்டு முறை அடுக்கி 32 பார் இன்ட்ரோ செய்யுங்கள். தாளம் மட்டும் வரும் பகுதியே இல்லை என்றால், அதே வகை டிரம் மெஷின் ஒலியில் நீங்களே ஒரு கிக், ஹைஹேட் வைக்கலாம். பாட்டின் கிக்கோடு இரட்டிப்பாகாமல், அது தொடங்கும் பாரில் உங்களுடையதை நிறுத்துங்கள். லூப் வெட்டும் இடம் ரிவெர்ப் வாலின் நடுவில் விழுந்தால் ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்று ஒரு வெட்டு கேட்கும். 5 முதல் 10 மில்லிவினாடி கிராஸ்ஃபேடு (ஒரு ஒலி மங்க, அடுத்தது எழுவது) அதைத் தீர்க்கும்.

5. மோனோ சோதனை. பல அரங்குகளில் சப்வூஃபர் மோனோ. கோப்பை மோனோவாக்கிக் கேளுங்கள். பேஸ் மெலிந்தால் இடது, வலது அலைகள் ஒன்றையொன்று தின்கின்றன என்று பொருள். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோனோவாக்கி விடுங்கள்.

6. ஒலியளவு. இன்றைய கிளப் பாட்டுகள் −8 லஃப்ஸ் (காதுக்குத் தெரியும் ஒலியளவின் அலகு) அளவுக்கு உரக்க மாஸ்டர் செய்யப்படுகின்றன. பழைய எல்பிப் பதிவு அதை விடப் பல டெசிபல் கீழே இருக்கும். லிமிட்டர் போட்டு நசுக்கிச் சமன் செய்யும் ஆசை வரும். வேண்டாம். மிக்சரின் ட்ரிம்மை ஏற்றுங்கள். அதற்கு இடம் வேண்டுமென்றால் இரவு முழுக்க மற்ற பாட்டுகளை மிக்சரின் ஒலியளவு விளக்குகளில் மஞ்சளுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். சிவப்பில் ஓட்டிப் பழகிய டிஜேயின் கையில் பழைய தட்டுகள் சோனியாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், தட்டின் மேல் பழி.

7. பேஸ் மாற்றம். 303 பேஸ் கருவிதான் என்றாலும் ஃபில்டர் திறந்ததும் நடு அலைவரிசை முழுவதையும் ஆக்கிரமிக்கும். ஆகவே லோ குமிழை மட்டும் மாற்றினால் போதாது. வரும் பாட்டின் மிட்டையும் கால்வாசி இறக்கி வைத்து, 16ஆவது பாரில் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.

## தேடுவது எங்கே

டிஸ்காக்ஸ் போன்ற தரவுத்தளத்தில் பாட்டின் பெயரைத் தேடுவதைவிட, பிடித்த தட்டின் பின்னட்டையில் உள்ள மறுகலவையாளர், எஞ்சினியர் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போவது பலன் தரும். அதே லேபிளின் அடுத்த, முந்தைய கேட்டலாக் எண்களைக் கேளுங்கள். 'டப்', 'இன்ஸ்ட்ருமென்டல்' என்று குறித்த பி பக்கங்களை விடாதீர்கள். விலை தரத்தின் அளவுகோல் இல்லை. அரிது என்பதற்காகவே ஏறியிருக்கும்.

நெட்லேபிள்கள், அதாவது இணையத்தில் மட்டும் இசை வெளியிடும் லேபிள்கள், இன்னும் தோண்டப்படாத சுரங்கம். 2000களில் ஜெர்மனியின் தின்னர் போன்றவை டப் டெக்னோ என்ற நடன இசை வகையை இலவசமாக வெளியிட்டன. அவ்வகை வெளியீடுகளில் பலவும் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கின்றன. கோப்பு எம்பி3 மட்டும்தான் என்றால் அதை வேவாக மாற்றுவதால் தரம் கூடாது, இடம்தான் அடையும்.

## உரிமை

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1982ஆம் ஆண்டுத் தட்டு 2042 இறுதி வரை காப்பில் இருக்கும். கடையில் கிடைக்கவில்லை, லேபிள் மூடிவிட்டது என்பதால் உரிமை காலாவதி ஆவதில்லை. அரங்கில் வாசிப்பதற்கான பொது நிகழ்த்துரிமம் வழக்கமாக இடத்தை நடத்துபவர் எடுப்பது. நிகழ்ச்சிக்கு முன் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் நீங்கள் செய்த எடிட்டை இணையத்தில் ஏற்றுவதும் விற்பதும் அந்த உரிமத்துக்குள் வராது, உரிமையாளரின் அனுமதி தனியாக வேண்டும். நெட்லேபிள் வெளியீடுகளில் கிரியேட்டிவ் காமன்ஸ் குறிப்பைப் பாருங்கள்: 'வணிகமற்ற' என்ற நிபந்தனை இருந்தால் நுழைவுக்கட்டணம் வாங்கும் இரவில் வாசிக்கும் முன் கலைஞருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுக்கொள்ள வேண்டும். 'மாற்றக்கூடாது' என்ற நிபந்தனையும் சேர்ந்திருந்தால், மேலே நான்காவது படியில் சொன்ன எடிட்டைச் செய்து வெளியிடவும் முடியாது.